ஒற்றனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை

இருட்டில் கப்பல் மாறி ஏறிவிட்ட ஒரு பாட்டுக்காரனால் ஜெர்மானிய உளவுக் கூட்டம் ஒன்று கவிழ்ந்துபோகும் கதையை இங்கிலாந்துக்காரர்கள் 1940-இல் படமாக எடுத்தார்கள். பெயர் 'லெட் ஜார்ஜ் டூ இட்'. ஈலிங் ஸ்டூடியோவின் தயாரிப்பு, மார்செல் வார்னெல் இயக்கம். நாயகன் ஜார்ஜ் ஃபார்ம்பி. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு யுக்கலேலி வாசித்துப் பாடும் லங்காஷயர்க்காரர், தொழிலாளிகளின் செல்லப்பிள்ளை. படத்தில் அவர் பிளாக்பூலுக்குப் போகவேண்டியவர். விளக்கணைப்பு இரவில் டோவர் துறைமுகத்தில் தடுமாறி, நார்வேயின் பெர்கன் நகரத்துக்குப் போகும் கப்பலில் ஏறிவிடுகிறார். அங்கே ஓட்டல் ஒன்றில் வாத்தியக் குழு நடத்தும் மெண்டெஸ் என்பவன், வானொலியில் போகும் நடன இசைக்குள் சங்கேதம் வைத்து, பிரிட்டிஷ் கப்பல்கள் புறப்படும் விவரத்தை ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். லண்டன் அனுப்பிய உளவாளி இவர்தான் என்று அங்கிருப்பவர்கள் நம்பிவிட, எதற்கு வந்தோம் என்றே தெரியாத மனிதர் ஒற்றறியும் வேலையில் மாட்டிக்கொள்கிறார். நடுவில் ஒரு கனவு. பலூனில் பறந்து போய் நாஜிகளின் பெருங்கூட்டத்தில் இறங்கி, ஹிட்லரின் முகத்தில் ஒரு குத்து விடுகிறார். அன்றைய பிரிட்டிஷ் மக்களின் மனநிலையைப் பதிவு செய்துவந்த மாஸ் அப்சர்வேஷன் குழு, அந்த ஒரு காட்சி ஊட்டிய தெம்பைத் தனியாகக் குறித்து வைத்தது.

படத்தின் நகைச்சுவையில் பாதி இன்று நமுத்துவிட்டது. ஆனாலும் அது என் நினைவை விட்டுப் போவதில்லை. ஒற்றன் வந்தால் அரங்கம் சிரிக்கும் என்ற கணக்கு, நான் வளர்ந்த மலாயாவின் ரவாங் பக்கத்தில் பாதிதான் செல்லுபடியாகும். ஒற்றர்களை நாங்கள் இரண்டு இடங்களில் சந்தித்தோம். ஒன்று திரையரங்கு. கோலாலம்பூர் கொலீசியத்திலும் பிரிக்ஃபீல்ட்ஸ் லிடோவிலும் தமிழ்ப் படம் பார்க்கப் போன தலைமுறை எங்களுடையது. ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று கோட்டும் துப்பாக்கியுமாக வருவார். எதிரிக்கு நாடும் தெரியாது, கொள்கையும் தெரியாது. மலைக்கடியில் ஒரு கூடம், அதில் பளிச்சிடும் பல நிற விளக்குகள், அவ்வளவுதான். மலாய் நகைச்சுவை நடிகர் மாட் செந்துல் 1967-இல் 'மாட் போண்ட்' ஆகி ஜேம்ஸ் பாண்டையே நையாண்டி செய்தார். இதற்கெல்லாம் விசிலடித்துச் சிரித்தோம். இன்னோர் இடம் வீட்டு அஞ்சடி. அங்கே பெரியவர்கள் பேசிய 'ஜப்பான்காரன் காலத்தில்' சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகத் தின்றார்கள், வாழைத்தார் அச்சிட்ட நோட்டு 1945-இல் எப்படி வெறும் காகிதமானது, சென்ட்ரிக்குக் குனிந்து கும்பிட மறந்தவன் 'பாக்கேரோ' என்ற வசவோடு வாங்கிய அறை எத்தனை என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற இடத்துக்குப் பேச்சு வந்தால் மட்டும் வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். பசியை நகைச்சுவையாக்கத் தெரிந்தவர்களுக்கு ஒற்றனை நகைச்சுவையாக்கத் தெரியாமலா போயிற்று?

தெரியாமல் போகவில்லை, முடியாமல் போயிற்று என்பது என் கட்சி. உளவு நகைச்சுவைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. திரையில் வருகிறவன் யாருடைய ஒற்றன் என்பதில் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே விடை இருக்க வேண்டும். கதாபாத்திரங்கள் ஏமாறலாம், அதுதான் வேடிக்கையே. பார்வையாளர் ஏமாறக் கூடாது. அதைவிட முக்கியமாக, பார்வையாளர் தங்களுக்குள் பிளவுபடக் கூடாது. பிரிட்டனுக்கு அந்த ஒருமித்த விடை போரின் முதல் நாளிலிருந்தே இருந்தது. மலாயாவுக்கு, அதிலும் மலாயாத் தமிழருக்கு, அது ஒருநாளும் இருந்ததில்லை. நம் ஜப்பான் காலம் சோக நாவலாகவும் வீரப் படமாகவும் வந்திருக்க, உளவு நகைச்சுவையாக வராமல் போனதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான்.

பிரிட்டிஷ்காரர்களின் வசதியை முதலில் பார்ப்போம். 1940 செப்டம்பர் தொடக்கத்தில் கார்ல் மேயர் என்ற ஜெர்மானிய ஒற்றன் கென்ட் கடற்கரையில் படகிலிருந்து இறங்கினான். காலை ஒன்பது மணிவாக்கில் லிட் என்ற சிற்றூரின் மதுக்கடைக்குப் போய் சைடர் கேட்டான். இங்கிலாந்தில் அன்று மதுக்கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தது என்பதும், அந்த நேரத்தில் அப்படிக் கேட்கிறவன் உள்ளூர்க்காரனாக இருக்க முடியாது என்பதும் அவனை அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைக்காரம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது, ஆள் பிடிபட்டான். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் பொறாமைப்படும் காட்சி இது. டிசம்பர் 10-ஆம் தேதி பென்டன்வில் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பகுதி எந்த நகைச்சுவைப் படத்திலும் வராது. தூக்குமேடை வேலையைச் சட்டம் தனியாகப் பார்த்துக்கொண்டது, சிரிக்கவைக்கும் வேலையை ஸ்டூடியோ பார்த்துக்கொண்டது. 1942-இல் 'தி கூஸ் ஸ்டெப்ஸ் அவுட்' படத்தில் வில் ஹே ஜெர்மனிக்குள் புகுந்து, இங்கிலாந்துக்குப் போகவிருக்கும் ஒற்ற மாணவர்களுக்கு ஆங்கிலேயப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகிறார். இரண்டு விரலை விரித்துப் புறங்கையைக் காட்டும் ஆபாச சைகையை மரியாதை வணக்கம் என்று கற்பித்து, ஹிட்லர் படத்துக்கு முன்னால் வகுப்பு முழுவதையும் அதைச் செய்யவைக்கிறார். மேயரின் அறியாமையும் அந்த மாணவர்களின் அறியாமையும் ஒரே வகை. வெளியிலிருந்து வருகிறவனுக்கு உள்ளூர் நடப்புத் தெரியாது, அதனால் அகப்பட்டுக்கொள்வான். ஒற்றன் வேற்றாள் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் சிரிப்பும் வந்தது.

அந்த நம்பிக்கையைக் காத்தது கடல். இதை அழுத்திச் சொல்லக் காரணம் ஃபார்ம்பி படத்துக்குள்ளேயே இருக்கிறது. கதை நடக்கும் பெர்கன் நகரத்தை ஜெர்மானியர் 1940 ஏப்ரல் 9-ஆம் தேதி பிடித்தார்கள். படம் திரைக்கு வந்தது ஜூலையில். லங்காஷயர்க்காரர்கள் பெர்கன் ஓட்டலில் ஒற்றர்கள் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பெர்கன்காரர்கள் தங்கள் ஓட்டல்களில் ஜெர்மானிய அதிகாரிகளுக்கு நடுவே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை அந்த ஆண்டில் அந்த ஊர்க்காரர்கள் எடுத்திருக்க முடியுமா? பிரிட்டிஷ்காரர்களுக்கே எதிரியின் பிடியில் விழுந்த சொந்த மண் என்று கால்வாய்த் தீவுகள் மட்டும் உண்டு. அப்படி ஒரு தீவை வைத்து 1951-இல் 'அப்பாயின்ட்மென்ட் வித் வீனஸ்' என்று டேவிட் நிவன் நடித்த இலகுவான படம் எடுத்தார்கள். கடத்தி மீட்கப்படும் கதாநாயகி ஓர் உயர்சாதிப் பசுமாடு! எதிரி வந்து குடியேறிய மண் என்றதும், காட்டிக்கொடுக்கத் தெரியாத ஒரு ஜீவனைத்தான் அவர்களும் தேடிப் பிடித்தார்கள்.

இனி எங்கள் பக்கம். 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் அணி சிதறியது; 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. இடையில் இருந்த நான்கு நாளில் போர் தெற்கே இறங்கிய சாலையும் ரயில்பாதையும் ரவாங் வழியாகப் போகிறவை. 1894-இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னியந்திரம் கொண்டுவந்ததால், மலாயாவில் மின்சாரம் முதலில் வந்த இடம் என்று பெருமை பேசும் ஊர் இது. வந்தவர்களுக்கு வழி முன்பே தெரிந்திருந்தது என்பது பெரியவர்களின் தீராத வியப்பு. போருக்கு முன்னால் மலாயா நகரங்களில் ஜப்பானியர் படம் பிடிக்கும் கடையும் முடிவெட்டும் கடையும் பல் வைத்தியமும் நடத்தி வந்தார்கள். நேற்றுவரை கத்தரிக்கோல் பிடித்தவன் இன்று வாளோடு அதிகாரியாக வந்து நின்றான் என்ற கதை ஊருக்கு ஊர் உண்டு. ஊருக்கு ஒரு முடிவெட்டுபவரை ஜப்பானிய ராணுவம் அத்தனை ஒழுங்காக அனுப்பி வைத்திருக்குமா என்று கேட்டால் கதை சொன்னவருக்குக் கோபம் வரும். ஆனால் வேர் இல்லாத கதையுமல்ல. கோலத் திரங்கானுவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளை தானி யுதாகா, கொள்ளைக் கூட்டம் நடத்தி 'ஹரிமாவ்' என்று பெயர் வாங்கி, பிறகு ஜப்பானிய உளவுத் துறைக்கு வேலை செய்து, 1942 மார்ச்சில் சிங்கப்பூரில் மலேரியாவில் இறந்தான். மறு ஆண்டே ஜப்பானின் டாயே நிறுவனம் அவனை 'மலாயாவின் புலி' என்று வீர நாயகனாக்கிப் படம் எடுத்துவிட்டது. மலாயாவில் வேலை செய்த ஒற்றனைப் பற்றிய போர்க்காலப் படம் ஒன்று உண்டு. ஆனால் அது ஒற்றனை அனுப்பியவர்கள் எடுத்தது, அதில் சிரிப்புக்கு வேலையில்லை.

முடிவெட்டும் கடைக்காரர் கதையைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதற்கும் காரணம் இதே நிபந்தனைதான். அவன் வேற்றாள். சிரிப்பு நிற்கும் இடத்துக்கு உதாரணம் வேண்டுமானால் ரவாங்கிலிருந்து தெற்கே அதிக தூரம் போகவேண்டாம், பத்துமலை போதும். முருகன் கோயிலுக்காக நாம் அறிந்த அதே பத்துமலைப் பகுதியில் (கோயிலை நிறுவியவரும் நம் தம்புசாமிப் பிள்ளைதான்) 1942 செப்டம்பர் 1-ஆம் தேதி மலாயா கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் கெரில்லாப் படையும் ரகசிய மாநாடு கூட்டின. விடியும் முன்னே ஜப்பானியப் படை வந்து வளைத்துக்கொண்டது. முன்னணித் தலைவர்கள் பலர் அங்கேயே செத்தார்கள். கட்சியின் பொதுச் செயலாளர் லாய் டெக் மட்டும் வரவில்லை. வருகிற வழியில் கார் பழுதாகிவிட்டது என்றார். இந்த விளக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். ஊரே கிழங்கு தின்று, சைக்கிள் டயர் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில், தலைமறைவுக் கட்சியின் தலைவர் காட்டுப் போராளிகளின் மாநாட்டுக்குக் காரில் புறப்பட்டு வருகிறார். அந்தக் கார் வந்தது எப்படி, பெட்ரோல் கொடுத்தது யார் என்று தோழர்கள் கேட்கவில்லை. லாய் டெக் வியட்நாமில் பிறந்தவர். அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கு வேலை செய்து, 1930-களில் சிங்கப்பூரின் பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்கு ஆளாகி, அவர்கள் போட்டி ஆட்களைப் பிடித்து உள்ளே தள்ளத் தள்ளக் கட்சியில் ஏணி ஏறி, 1942-இல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்ததும் அவர்களுக்கும் ஆளானவர். போர் முடிந்ததும் மறுபடி பிரிட்டிஷாருடன் சேர்ந்து, 1947 மார்ச்சில் கட்சிப் பணத்தோடு மறைந்தார். அதே ஆண்டு பாங்காக்கில் கொல்லப்பட்டார். மூன்று எசமானர்கள், பல பெயர்கள், ஒரு பழுதான கார். ஃபார்ம்பி படத்துக்கு வேண்டியது அத்தனையும் இதில் இருக்கிறது. ஆனாலும் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் இந்த ஒற்றன் வெளியிலிருந்து வரவில்லை. மாநாட்டின் தலைமை நாற்காலியே அவனுக்காகத்தான் காத்திருந்தது.

தமிழர் கதையில் முடிச்சு இன்னும் இறுகுகிறது. 1942-இல் பினாங்கில் வழக்கறிஞர் ந. ராகவன் பொறுப்பில் இந்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று நடந்தது; இந்தியாவுக்குள் போய் வேலை செய்ய இளைஞர்களைத் தயார் செய்தார்கள். அவர்களில் சிலரை ஜப்பானியர் நீர்மூழ்கியில் ஏற்றி செப்டம்பர் இறுதியில் மலபார்க் கரையில் தானூரில் இறக்கினார்கள். தன்னைக் கேட்காமல் பிள்ளைகளைக் கொண்டுபோனதற்காகக் கொதித்த ராகவன் நிலையத்தையே மூடினார். கரையேறியவர்கள் சீக்கிரமே பிடிபட்டார்கள். மலாயாவில் அரசாங்கப் பொறியியல் துறையில் வேலை பார்த்த வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். காதருக்கு வயது 26. மேயர் இறங்கியதும் அகப்பட்டான், இவர்களும் கிட்டத்தட்ட அப்படியே. மேயரின் சைடர் கதையை நான் புன்னகையோடு எழுதினேன். காதரைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வராது, எந்தத் தமிழ் வாசகரும் பொறுக்கமாட்டார். பிரிட்டிஷ் சட்டம் எதிரியின் கையாள் என்று தூக்கிலிட்டவருக்குப் பின்னாளில் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. இதோடு கதை முடிந்தால்கூட, ஒற்றன் நம் ஆள் என்று ஒரு விடை கிடைத்திருக்கும். ஆனால் அதே ஜப்பானியர்தான் சிலாங்கூர், பேராக் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போய்ச் சாகடித்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் போவதிலிருந்து தப்பலாம் என்பதற்காகவே சேர்ந்தவர்களும் உண்டு. ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்காரர் நேதாஜியின் படத்துக்கு மாலை போடுவார், அடுத்த வீட்டுக்காரர் சயாமில் விட்ட தம்பிக்குத் திதி கொடுப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு ஒற்றனைத் திரையில் காட்டினால், யாருடைய ஆளாகக் காட்டுவது?

போர்க்காலத் தமிழ் சினிமா இந்தக் கேள்விக்குள் போகாமல் ஒரு குறுக்குவழி கண்டது. 1943-லிருந்து இந்தியாவில் கச்சா ஃபிலிம் உரிமம் வாங்கித்தான் பெறவேண்டும்; ஒரு படம் 11,000 அடிக்குள் முடிய வேண்டும்; போருக்கு ஆதரவாகவும் படம் எடுத்துத் தரவேண்டும் என்று தயாரிப்பாளர்கள் நெருக்கப்பட்டார்கள். அப்படி 1945-இல் வந்தவை கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரக்ஷணம்', கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி', சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' போன்றவை. 'பர்மா ராணி'யில் ஜப்பானியர் பிடித்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப் படை வீரர்கள், அவர்களைக் காப்பாற்றும் ராணியாக கே. எல். வி. வசந்தா, ஜப்பானியத் தளபதியாகத் தயாரிப்பாளர் டி. ஆர். சுந்தரமே. வேவும் உண்டு, காளி என். ரத்தினம், டி. எஸ். துரைராஜ் கூட்டத்தின் நகைச்சுவையும் உண்டு. (அன்றைய தமிழ்நாட்டின் பெரிய சிரிப்புக்காரர் என். எஸ். கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகிச் சிறையில் இருந்தார்.) ஆனால் வேவு ஒரு தடத்திலும் சிரிப்பு ஒரு தடத்திலும் போகின்றன. ஃபார்ம்பி படத்தில் ஒற்றறிவதே நகைச்சுவை. இங்கே ஒற்றறிதல் கடமை, நகைச்சுவை இடைவேளை. காங்கிரஸ் தலைவர்களைச் சிறையில் வைத்திருந்த அரசாங்கத்துக்காக ஜப்பானியனை எதிரியாகக் காட்டச் சொன்னால், படம் பிடிக்கிறவர் அதைவிட வேறென்ன செய்வார்? ஜப்பானியரின் கீழே உண்மையில் வாழ்ந்த மலாயாத் தமிழருக்கு அந்த ஆண்டு இந்தப் படங்கள் வந்து சேர வழியும் இல்லை. பிடிபட்ட ஊரைப் பற்றிய படம், பிடிபடாத ஊர்க்காரர்கள் பார்த்தது. பெர்கன் கதைதான் மறுபடியும். இருபது ஆண்டு கழித்து ஜெய்சங்கரை நாடில்லாத எதிரியோடு மோதவிட்டு எங்களைச் சிரிக்கவைத்ததும் அதே மாடர்ன் தியேட்டர்ஸ்தான். ஒற்றனிடமிருந்து அரசியலைக் கழற்றிவிட்டால் கைதட்டல் நிச்சயம் என்பதை அதற்குள் அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

இத்தனை சுற்றி வளைப்பானேன், பட்ட வேதனை அதிகம், அதனால் சிரிப்பு வரவில்லை என்று ஒரு வரியில் முடிக்கலாமே என்பார்கள். ஆதாரம் அதற்கு ஒத்துவரவில்லை. 1940 செப்டம்பர் 7-இல் லண்டன்மீது குண்டு மழை தொடங்கியது. அடுத்த மே மாதத்துக்குள் பிரிட்டனில் 40,000-க்கு மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். ஃபார்ம்பியின் புகழ் உச்சிக்குப் போனது அந்தக் காலத்தில்தான். எங்கள் பெரியவர்களும் பட்டினியைச் சிரித்தே தாண்டினார்கள் என்பதை முன்பே சொன்னேன். வேதனை சிரிப்பை அடைக்கும் என்றால் மரவள்ளிக்கிழங்கு நகைச்சுவை பிறந்தே இருக்கக் கூடாது.

இதைவிட வலுவான மறுப்பு பிரான்ஸ். எதிரியிடம் விழுந்த நாடு, காட்டிக்கொடுத்தவர்கள் மலிந்த நாடு, எதிரியோடு ஒத்துழைத்த அரசாங்கமே இருந்த நாடு. ஆனால் 1966-இல் லூயி டி ஃபூனேயும் பூர்வீலும் நடித்த 'லா கிராண்ட் வாத்ரூய்' வந்தது. பாரிஸில் விழுந்த பிரிட்டிஷ் விமானிகளை ஒரு வாத்தியக் குழு நடத்துனரும் ஒரு பெயின்ட்காரரும் ஜெர்மானியரிடமிருந்து தப்பவைக்கும் நகைச்சுவை. ஒரு கோடியே 70 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. அப்படியானால் என் நிபந்தனை உடைந்ததா? உடையவில்லை, அது எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதைத்தான் பிரான்ஸ் காட்டுகிறது. அந்தப் படத்தில் எதிர்ப்படும் கன்னியாஸ்திரியும் ஓட்டல்காரியும் பொம்மலாட்டக்காரரும் அத்தனை பேரும் உதவுகிறார்கள். பிரான்ஸ் முழுதும் எதிர்த்து நின்றது என்று டி கோல் இருபது ஆண்டாகச் சொல்லிவந்த கதையை நாடு ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கதை முழு உண்மையில்லை என்று அறிஞர்கள் பிறகு கிழித்துக் காட்டினார்கள், அது வேறு. பொய்யோ மெய்யோ, அரங்கத்துக்கு ஒரே விடை கிடைத்துவிட்டது. மலாயாவில் அப்படி ஒரு பொதுக்கதை கட்ட யாராலும் முடியவில்லை. சீனர் பெரும்பான்மையாக இருந்து ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாப் படையின் தலைமைக் கட்சி 1948-இல் சட்டவிரோதமானது; நேற்றைய வீரன் அவசரகாலத்தில் பயங்கரவாதி. மலாய் தேசியவாதி இப்ராஹிம் யாக்கோப்பை பிரிட்டிஷார் பிடித்து அடைத்தார்கள், ஜப்பானியர் விடுவித்தார்கள். அவர் துரோகியா தேசபக்தரா என்பது கேட்கிற இடத்தைப் பொறுத்தது. தமிழர் நிலையைச் சொல்லிவிட்டேன். 1958-ஆம் ஆண்டின் 'சார்ஜன் ஹசான்' படத்தில் பி. ராம்லியே கூட அந்தக் காலத்தைச் சிரிப்புக்கு எடுக்கவில்லை. மூன்று இனத்தையும் ஒரே அரங்கத்தில் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த மனிதர் அவர்.

இன்னொரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது தமிழிலேயே இருக்கிறது. ப. சிங்காரம் 1972-இல் வெளியிட்ட 'புயலிலே ஒரு தோணி' நாவலில் மெடானும் பினாங்கும், இந்திய தேசிய ராணுவமும், ரகசிய வேலைகளும், கூடவே அடங்காத கிண்டலும் இருக்கின்றன. சிங்காரம் அந்த ஊர்களில் வாழ்ந்தவர், போர் முடிந்து 1946-இல் தமிழ்நாடு திரும்பியவர். ஆக, ஒரு தமிழரால் முடிந்திருக்கிறதே? முடிந்தது எப்படி என்று பார்த்தால், அவருடைய பாண்டியன் ஒவ்வொரு கரையாக ஒதுங்கி, எதிலும் ஒட்டாமல் விலகிக்கொண்டே போகிறான். நேதாஜியின் படையில் இருக்கும்போதே அதன் மேலிடத்துச் சில்லறைத்தனங்களைப் பார்க்கிறான். தமிழர் பெருமை பேசுகிறவர்களை வைத்துத்தான் நாவலின் மிகக் கூர்மையான சிரிப்பே வருகிறது. எதிரியைப் பார்த்துச் சிரிக்கும் ஃபார்ம்பி வகைச் சிரிப்பு இது இல்லை. எல்லாரையும் பார்த்து, தன்னையும் சேர்த்துச் சிரிப்பது. ஒரு நாவல் வாசகனைத் தனியே உட்காரவைத்து அப்படிச் சிரிக்கவைக்கலாம். நூறு பேர் சேர்ந்து உட்காரும் அரங்கத்தில், அந்த நூறு பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். சிங்காரத்தை வாசகர்கள் கண்டுகொள்ளப் பல ஆண்டு பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இப்படிச் சொல்வதால், கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் இந்த நகைச்சுவையை எடுக்கவே முடியாது என்று நான் வாதிடுவதாக ஆகாது. அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. அடிபட்டவர் மனம் நோகுமே என்ற தயக்கம் நியாயமானதுதான், ஆனால் வருடத்துக்கு வருடம் அதன் எடை குறைகிறது. எடுக்கிறவர் ஃபார்ம்பியைப் பின்பற்றினால் மட்டும் தோற்பார். வேற்றாள் ஒருவன் வந்து விழிப்பதை வைத்து முடிவெட்டும் கடைக் கதையைத் தாண்ட முடியாது. என்னைக் கேட்டால் லாய் டெக்கைத்தான் எடுக்கச் சொல்வேன். தமிழ், சீனம், மலாய், ஜப்பானியம், ஆங்கிலம் ஐந்தும் பேசும் படமாக இருக்கவேண்டும். கேமராவைப் பத்துமலைக் காட்டுக்குள் கொண்டுபோனால் அது நினைவஞ்சலி ஆகிவிடும். காருக்குள்ளேயே வைத்துவிடலாம்: நன்றாக ஓடும் எஞ்சினைச் சாலையோரம் அணைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி, நாளைக்குத் தோழர்களிடம் எந்த உதிரிப் பாகத்தின் பெயரைச் சொல்வது என்று யோசிக்கும் ஒரு பொதுச் செயலாளர். அப்போது அந்த வழியே சைக்கிளில் போகும் ரவாங் தமிழர் ஒருவர், உதவும் எண்ணத்தோடு இறங்கி பானெட்டைத் திறக்கப் பார்க்கிறார்.